அத்திமரத்துக்கு எட்டாத கொடி

செந்தட்டியூர்க்காரர்களைக் கேட்டால், ஆவுடைச்செல்விக்குத் தொப்புள்கொடி மறுபடி முளைத்தது ஒரு வெள்ளிக்கிழமை, அவள் இட்லித்தட்டை இறக்கிக்கொண்டிருந்த நேரம் என்று அடித்துச் சொல்வார்கள். நம்பாதீர்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமையும் இல்லை, அந்த வீட்டில் இட்லியும் இல்லை. ரவை உப்புமாதான், அதுவும் அடிப்பிடித்த உப்புமா, ஏனென்றால் ஆவுடையின் மனசு விடிந்ததிலிருந்தே ஆற்றுக்கு அக்கரையில் கிடந்தது. இளையவன் ஆதன் பிறந்து, குப்புற விழுந்து, தவழ்ந்து, சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கியாயிற்று, இனிமேலும் பொறுக்க முடியாது என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு, மூத்தவள் தாமிராவுக்குத் தலை வாரி, சின்னவனுக்கு வாய் துடைத்து, இரண்டு பேரையும் பக்கத்து வீட்டுச் சொர்ணம் மதினியிடம் ஒப்படைத்து, பரணில் கிடந்த கைப்பையைத் தூசி தட்டித் தோளில் மாட்டி, உள்ளே லென்ஸ் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, தெரு தாண்டி, பாலம் தாண்டி, அக்கரையில் கல்லூரிக்குப் பின்னால் நிற்கிற அத்திமரத்தைப் பார்த்து அவள் நடந்தாள். மரம் கண்ணுக்குத் தெரிந்தது. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய் தொங்கியது. இன்னும் கொஞ்சம் நடந்தால் தொட்டுவிடலாம் என்கிற இடத்தில் யாரோ வயிற்றைப் பிடித்து இழுத்ததுபோல் நின்றுவிட்டாள்.

குனிந்து பார்த்தால் கொடி. புதுசாக உரித்த வாழைத்தண்டு நிறம், உள்ளே நீல நரம்பு, தொட்டால் கதகதவென்று சூடு. சேலைக் கொசுவத்துக்கு மேலே தொப்புளில் தொடங்கி, இடுப்பைச் சுற்றிப் பின்னால் போய், வந்த வழியெல்லாம் கிடந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே அவள் திரும்பி நடந்தாள்; பாலத்தின் மேல், பிள்ளையார் கோயிலைச் சுற்றி, மாவு மில் வாசல் வழியாக, கீழத்தெருவுக்குள் நுழைந்து, சொர்ணம் மதினி வீட்டு முற்றத்தில் அது கவட்டையாகப் பிரிந்து, ஒரு கிளை தாமிராவின் சட்டைக்குள்ளும் மற்றது ஆதனின் அரைஞாண் கயிற்றுக்கு மேலேயும் போய் முடிந்திருந்தது. சொர்ணம் மதினி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கொடியைப் பார்த்தாள், ஆவுடையைப் பார்த்தாள்.

"வந்துட்டியா? நல்லவேளை. சின்னவன் அழுதான், நான் கொடியை லேசா ஒரு இழு இழுத்தேன். வந்துட்டியே!" என்றாள், அழைப்பு மணி அடித்ததுபோல.

அக்கரையில் அப்படி என்னதான் இருந்தது என்று கேட்பீர்கள். அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்று ஊரே பழமொழி சொல்லிவிட்டுப் பழத்தைத் தூர எறிந்துகொண்டிருந்த காலத்தில், ஆவுடை சின்னப் பிள்ளையாக அதைப் பிட்டு எறியாமல் உட்கார்ந்து பார்த்தவள். அது சொத்தை இல்லை, குடித்தனம். காயின் அடியில் ஊசி முனை அளவு ஒரு வாசல். அதற்குள் தாய்க்குளவி தலையைக் கொடுத்து நெருக்கிக்கொண்டு நுழைகிறபோது அவளுடைய ரெக்கை வாசலிலேயே பிய்ந்து விழுந்துவிடும். உள்ளே இருட்டில் முட்டை வைப்பாள், அங்கேயே சாவாள். காய் பழுக்கிற நேரத்தில் அவள் பெண்மக்கள் ரெக்கையோடு வெளியே வந்து பறப்பார்கள். பறக்க அவர்களுக்கு வாய்ப்பது ஏறக்குறைய ஒரு பகல்தான். அதற்குள் இன்னொரு அத்திமரத்தைத் தேடிப் போயாக வேண்டும். எந்தத் திசைக்குப் போகிறார்கள், யார் வழி சொன்னது? இந்தக் கேள்வியைத்தான் ஆவுடை வயசுக்கு வந்து, காலேஜ் முடித்து, கல்யாணம் முடித்து, இரண்டு பிள்ளை பெற்று, வசம்பு உரசுகிறபோதும் மூத்திரத்துணி அலசுகிறபோதும் மனசுக்குள் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் அதையே எடுத்திருந்தாள்.

புருஷன் கோமதிநாயகம் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றிக் கட்டுகிறவன், கம்பி விஷயம் தெரிந்தவன். கடையிலிருந்து வந்ததும் கொடியை விரலால் சுண்டிப் பார்த்தான்.

"நல்ல கெட்டிக் கேஜாத்தான் இருக்கு. அறுந்து போவாது, பயப்படாத."

"அறுந்து போவாதுங்கிறதுதான் அத்தான் என் பயமே," என்றாள் ஆவுடை.

அவனுக்கு அது விளங்கவில்லை. நல்லவன்தான், குடி கிடையாது, கைநீட்டுகிற பழக்கம் கிடையாது, சம்பாதித்ததை அப்படியே கொண்டுவந்து கொடுப்பான். ஆனால் தன் வயிற்றை ஒரு தடவை தடவிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனான். டாக்டரம்மா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, வெட்டுவதற்கு முன்னால் கொடிமேல் இரண்டு விரலை வைத்தார். உள்ளே இரண்டு நாடி ஓடியது, ஒன்று வேகமாக, ஒன்று அதைவிட வேகமாக. கத்தரிக்கோலைத் தட்டிலேயே போட்டுவிட்டார். "வெட்டுனா எந்தப் பக்கம் ரத்தம் வரும்னு எனக்குத் தெரியாதும்மா. நீ சொன்னா வெட்டுதேன்." ஆவுடை சொல்லவில்லை. சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? இரும்புச்சத்து மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

பொய் சொல்லக் கூடாது, அந்தக் கொடியில் ஒரு சுகமும் இருந்தது. பால்வாடியில் தாமிரா நாயைப் பார்த்துப் பயந்தால் இங்கே அடுப்படியில் ஆவுடைக்கு வயிறு சில்லிடும். ஆதன் தூக்கத்தில் சிரித்தால் இவளுக்குத் தொப்புளைச் சுற்றிக் கூசும். பிள்ளைகளை அவள் உயிராய் நினைத்தாள். அத்திமரத்தையும் உயிராய் நினைத்தாள். ஒரு உடம்பில் இரண்டு உயிரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

ஊருக்கு இருந்த கவலை வேறு. செந்தட்டியூரில் படுத்திருக்கிற பிள்ளையை யாரும் தாண்ட மாட்டார்கள். தாண்டினால் பிள்ளை வளராது. தெரியாமல் தாண்டிவிட்டால் வந்த வழியே திரும்பத் தாண்டிவிட வேண்டும், தோஷம் போய்விடும். கொடியும் பிள்ளையும் ஒன்றுதானே? ஆகவே கடைக்குப் போகிறவன் கொடியைத் தாண்டுவான், ஐயோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பத் தாண்டுவான், பார்த்தால் புறப்பட்ட இடத்திலேயே நிற்பான். இப்படித் தெருவில் ஒருவரும் எதிர்ப்பக்கம் போய்ச் சேர முடியாமல், மேலவரிசைக்காரர்கள் மேலவரிசையிலும் கீழவரிசைக்காரர்கள் கீழவரிசையிலும் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிச்சயத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் தாண்டியும் திரும்பியும் தாண்டியும் திரும்பியும், பெண்ணைப் பார்க்காமலே பூப்பழத்தட்டோடு பஸ் ஏறியதும் உண்டு. கடைசியில் ஊர்க்கூட்டம் போட்டுக் கவட்டைக் கம்பு நட்டுக் கொடியைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்தினார்கள். அதோடு ஊருக்கு நிம்மதி. அதன்மேல் காக்கை உட்கார்ந்தது. சொர்ணம் மதினி, "சும்மாத்தானே கிடக்கு" என்று முதலில் ஒரு கைக்குட்டை காயப்போட்டாள், பிறகு ரவிக்கை, பிறகு போர்வை. மதினியைப் பார்த்து ஊரே துணி காயப்போட்டது. பாரம் தாங்காமல் ஆவுடை சில நாள் அடுப்படியில் குனிந்தே நிற்பாள்.

தெருப் பெண்பிள்ளைகள் 'ஆவுடையக்கா விளையாட்டு' என்று ஒன்று கண்டுபிடித்தார்கள். பொட்டலம் கட்டுகிற சணலின் ஒரு நுனியைத் தன் வயிற்றில் கட்ட வேண்டும், மறுநுனியைப் பொம்மையின் வயிற்றில் கட்ட வேண்டும், பொம்மையைப் படியில் உட்கார வைத்துவிட்டுச் சணல் எட்டுகிற மட்டும் போய்க் காய் வாங்கி, மாவு அரைத்து, சோறு பொங்கி வர வேண்டும். சணல் அறுந்தால் அவுட். ஆண்பிள்ளைகளுக்கு அதில் வேலை கிடையாது. வாயால் ஆட்டோ ஓட்டிக்கொண்டு சணலுக்கு அடியில் குனிந்து போவார்கள். பெரியவர்கள் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள், என்ன சமத்து என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். தாமிராதான் அதில் கெட்டிக்காரி, அவள் சணல் ஒரு தடவைகூட அறுந்ததில்லை.

ஆவுடை படித்தவள் இல்லையா, சோதித்துப் பார்த்தாள். கொடி எதுவரைக்கும் வருகிறது? மாவு மில்லுக்கு எட்டியது. ரேஷன் கடைக்கு எட்டியது. சந்தைக்கு எட்டியது, கோயிலுக்கு எட்டியது, வளைகாப்பு நடந்த எல்லா வீட்டுக்கும் எட்டியது. நாத்தனார் சீமந்தத்துக்குத் தென்காசிக்குப் பஸ்ஸில் போனபோது, பஸ்ஸின் பின்படியில் தொங்கிக்கொண்டு தோரணமாட்டம் கூடவே வந்தது, ஒரு இடத்தில்கூட விறைக்கவில்லை. பாலம் தாண்டி அத்திமரத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் மட்டும், அதே கல்லுக்குப் பக்கத்தில், சொல்லிவைத்தாற்போல் விறைத்துக்கொண்டது. பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தாள். அப்போது கொடி சுருங்கிச் சுருங்கி அவள் கையோடு சேர்த்து உடம்பைச் சுற்றிக்கொண்டது. மரத்துக்கு அடியில் நின்றும் லென்ஸைக் கண் வரைக்கும் தூக்க முடியவில்லை. சின்னவன் பசிக்கு அழுதான், பெரியவள் எறும்பு என்றாள், வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆக இது நீளத்துச் சமாசாரம் இல்லை என்று அவளுக்கு விளங்கிவிட்டது. கொடிக்கு எது நல்ல இடம் எது கெட்ட இடம் என்று தெரிந்திருந்தது.

"தென்காசிக்கு எட்டுது, இந்தா இருக்கிற மரத்துக்கு எட்டலைங்கியே, உனக்கே சிரிப்பா இல்ல?" என்றாள் சொர்ணம் மதினி. "எட்டுற இடத்துக்கெல்லாம் போறேல்லா? அப்புறம் என்ன கொள்ளை?"

"நான் கேட்ட இடம் அது ஒண்ணுதான் மதினி. மத்ததெல்லாம் நீங்க போகச் சொன்ன இடம்."

"அத்தி பூத்தாப்புல ஒரு நல்ல குடும்பம் அமைஞ்சிருக்கு. அதைப் பாருட்டி," என்று மதினி போர்வையைப் புரட்டிப் போட்டாள். கெட்ட மனுஷி இல்லை. ஆவுடைக்குக் காய்ச்சல் என்றால் மிளகுரசத்தோடு முதலில் வருகிறவள் அவள்தான்.

கல்லூரியிலிருந்து ஞானதீபம் மேடம் பாதையில் அந்தக் கல் வரைக்கும் வந்தார். ஆவுடையின் ஆராய்ச்சிக்கு அவர்தான் வழிகாட்டி. வெயிலில் குடை பிடித்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்து, கொடியைப் பார்க்காததுபோல் பார்த்தார்.

"நான் ஓய்வு பெறப்போறேன்மா. எனக்குப் பதிலா வர்றவங்க இந்த மரத்து ஆராய்ச்சியை மதுரைப் பிள்ளை ஒருத்திக்குக் குடுக்கச் சொல்லிட்டாங்க. இந்தக் காய்ப்புல குளவி எந்தத் திசைக்குப் போகுதுன்னு நீ பார்த்துட்டா உன் வேலை முடிஞ்சுது. பார்க்கலைன்னா இவ்வளவு வருஷமும் போச்சு." குடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "எனக்குப் பிள்ளைங்க இல்லை. அதனால உனக்கு யோசனை சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனா காய் யாருக்காகவும் நிக்காது, ஆவுடை."

காய் நிற்கவில்லைதான். பச்சை வெளுத்தது, மஞ்சள் தட்டியது, ஒரு சாயங்காலம் சிவந்தது. பாலத்து முனையில் நின்று பார்த்த ஆவுடைக்கு, நாளை வெயில் ஏறுகிறபோது வெளியே வரும் என்று தெரிந்துபோயிற்று. மறுநாள் கிழக்கு வெளுத்ததும் பிள்ளைகள் தூங்குகிறபோதே எழுந்து, கோமதிநாயகத்தை உலுக்கி, "பாத்துக்கோங்க, வந்துடுதேன்" என்றாள். அவன் கண்ணைத் திறக்காமலே, "கொடிதான் இருக்கே" என்று திரும்பிப் படுத்தான்.

அதே கல், அதே இடம். கொடி விறைத்தது. இரண்டு பக்கமும் உடைமுள் அடைத்த ஒற்றையடிப் பாதை, எதிரே மரம், அடிமரத்தில் சிவப்புக் கொத்து, அதன்மேல் இளவெயில் ஏறிக்கொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தாள். கெஞ்சிப் பார்த்தாள். வீட்டில் இரண்டும் சுகமாகத் தூங்குவது தொப்புளில் தெரிந்தது, அதனால் இன்னும் ஆத்திரம் வந்தது. அப்புறம் அவளுக்குள் இருந்த படிப்பு ஒரு கணக்குச் சொன்னது: பிடி இருப்பது வயிற்றில்தானே, படுத்துக் கையை நீட்டினால் வயிற்றுக்கு மேலே உள்ள உடம்பு முழுவதும் லாபம். படுத்தாள். முந்தானை புழுதியில் புரள, வீட்டுப் பக்கம் காலும் மரத்துப் பக்கம் தலையுமாகக் குப்புற விழுந்து லென்ஸை நீட்டினாள். லென்ஸ் முனைக்கும் முதல் பழத்துக்கும் இடையே இன்னும் ஓர் ஆள் படுக்கிற இடம் இருந்தது. கண்ணுக்குப் பழம் சிவப்பாய்த் தெரிந்தது, அவ்வளவுதான். மண்ணில் முகத்தை வைத்து அழுதாள்.

"அம்மா, ஏன் இழுத்துக்கிட்டே இருக்க?"

தாமிரா. கொடியைக் கையால் பிடித்துக்கொண்டே தெருத் தாண்டி, பாலம் தாண்டி, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். ஆவுடை திடுக்கிட்டுச் சுருங்கப் போகிற கொடியைப் பார்த்தாள், அது சுருங்கவில்லை. யாரும் தூக்கி வராமல் பிள்ளை தானாக வந்ததாலோ என்னவோ, கொடிக்கே என்ன செய்வதென்று தெரியாததுபோல் அப்படியே கிடந்தது.

"தம்பி எங்கட்டி?"

"தூங்குதான். அப்பா பக்கத்துல. பொம்மையையும் அவன்கிட்ட போட்டுட்டு வந்தேன்."

ஆவுடைக்கு மண்டைக்குள் ஒரு வெளிச்சம் அடித்தது. "தாமிரா, எம் மக்கா, அந்தப் பழத்துக்கிட்ட போ. சின்னச் சின்னதா ஒண்ணு வெளிய வரும். எந்தப் பக்கம் பறக்குதுன்னு பாத்துச் சொல்லணும்."

பிள்ளை ஓர் அடி எடுத்து வைத்தாள், நின்றாள். இன்னொரு தடவை எடுத்து வைத்தாள், நின்றாள். "எட்டலைம்மா," என்றாள், அது ஏதோ எல்லாருக்கும் உள்ளது என்பதுபோல.

அப்போதுதான் ஆவுடை பார்த்தாள். சட்டைக்கு அடியிலிருந்து சணல் ஒன்று பின்னால் போய்ப் பாலத்தின் பக்கம் நீண்டிருந்தது. விளையாட்டுச் சணல். படுத்தபடியே உடம்பைப் பின்னால் வளைத்துப் பிள்ளையைப் பக்கத்தில் இழுத்து, அவிழ்க்கலாம் என்று முடிச்சைத் தேடினாள். சட்டையைத் தூக்கித் தேடினாள். முடிச்சு இல்லை. தன்னோடு வந்த கொடிக்குப் பக்கத்தில், சணல் தோலுக்குள் போயிருந்தது. வாழைத்தண்டு நிறம் பிடித்து, உள்ளே நீலமாய் ஒரு இழை ஓடத் தொடங்கியிருந்தது. அதன் மறுநுனியில், வீட்டில் ஆதன் பக்கத்தில், ஒற்றைக் கண் பிளாஸ்டிக் பொம்மை.

தனக்கென்றால் கத்தரிக்கோலைப் பார்த்தே பயந்தவள் இப்போது ஒரு நொடி யோசிக்கவில்லை. கிழிசல் தைத்து முடித்ததும் நூலைக் கடிப்பதுபோல் தலையை எக்கி நறுக்கென்று கடித்தாள். வாயில் உப்புக் கரித்தது. பிள்ளை வீல் என்றாள். ஒரு துளி ரத்தம் வந்தது. அறுந்த சணல் பாம்புபோல் பாலத்தின் பக்கம் சுருண்டு ஓடிற்று.

"போ. சீக்கிரம்."

தாமிரா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பாதையைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் முள். நடுவில் அம்மா மறுபடி நீட்டிக் குப்புறப் படுத்துக் கிடந்தாள்.

"எப்படிப் போக? நீ படுத்திருக்கியே."

"தாண்டிப் போ."

"தாண்டுனா நீ வளர மாட்டியேம்மா!"

"நான் வளர்ந்தது போதும்ட்டி," என்றாள் ஆவுடை. அது பொய். வளர வேண்டும் என்கிற ஆசையில்தான் அவள் அந்த மண்ணில் கிடந்தாள். "தாண்டு."

பிள்ளை பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கால் படாமல், அம்மாவின் முதுகைத் தாண்டினாள். ஆவுடை எழுந்திருக்கவில்லை, எழுந்தால் கொடி ஓர் அடி பின்னால் இழுத்துவிடும், அந்த ஓர் அடியையும் விட அவளுக்கு மனசில்லை. தாமிரா மரத்தடிக்கு ஓடினாள். பழத்துக்கு நேரே முகத்தை வைத்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஆவுடைக்குத் தன் வயிற்றில் பிறந்த பிள்ளையின்மேல் வந்த பொறாமை இருக்கிறதே, அதை அவள் சாகிறவரைக்கும் மறக்கவில்லை.

"அம்மா! வருது! கறுப்பா, குட்டியா, ரெக்கையோட! ஒண்ணு... இன்னொண்ணு... ஐயோ, நிறைய!"

"எந்தப் பக்கம் போகுது? நல்லாப் பாரு!"

"மேல போகுது. மேல போய்... இங்கிட்டு வருதும்மா! உன் தலைக்கு மேலதான் போகுது. ஆத்தைத் தாண்டி நம்ம ஊர்ப் பக்கம் போகுது!"

ஆவுடை புரண்டு மல்லாந்து படுத்தாள். தலைக்கு மேலே வானம் வெளிச்சமாக இருந்தது. அதில் அவள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. லென்ஸைத் தூக்கிப் பிடித்தாள், அப்போதும் தெரியவில்லை. வீட்டில் ஆதன் விழித்துவிட்டான். தொப்புளில் பசி இழுத்தது.

"எல்லாம் போயிடுச்சும்மா." தாமிரா பாதையில் வந்து அம்மாவின் தோளுக்கு அந்தப் பக்கம் நின்றாள். கை நிறைய அத்திப்பழச் சிவப்பு. சொல்லிக் கொடுத்ததை மறக்காத பிள்ளை, பாவாடையை மறுபடி தூக்கிப் பிடித்தாள். "திரும்பத் தாண்டிடுதேன். தோஷம் போயிரும்."

ஆவுடை கையை நீட்டி அவள் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம். கல்லூரி வழியா சுத்தி வா," என்றாள். "திரும்பத் தாண்டாத."